கஷ்டத்துக்கு ஜிலேபி

கள்ளக்குறிச்சியில் பொறியியல் ஆலோசனை அலுவலகம் வைத்திருப்பவர்களில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான் ஒருவன்தான். சர்வேக்குக் கோல் பிடிக்கும் கூலியாளாக இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். இன்றைக்கு என் பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு இன்ஜினியர்கள் உட்கார்ந்து வரைகிறார்கள். அதில் ஒருத்தி என் மகள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

எங்கள் தொழில்காரர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. மாதக் கூட்டத்தில் தொழிலில் கஷ்டம் என்று எழுந்து உதவி கேட்பவர், அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சேர்ந்த நாளிலிருந்து நான் அடுத்தவர் பஜ்ஜியைத்தான் தின்றிருக்கிறேன். எனக்கு ஏது கஷ்டம்?

போன வருஷம் வந்தது. கல்வராயன் மலையில் ஓர் ஓடைக்கு நடைபாலம் வடிவமைக்கும் வேலை. மகள் வரைந்த முதல் பாலம் அது. ஆனால் மண் பரிசோதனை அறிக்கையும், மூத்த பொறியாளர் ஒருவர் சரிபார்த்த கையெழுத்தும் வேண்டும் என்றார்கள் வேலை தருகிறவர்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் வேலை வெளியூர்ப் பெரிய கம்பெனிக்குப் போய்விடும்.

"சங்கத்துல கேளுப்பா," என்றாள் மகள்.

நான் கேட்பதென்றால் பஜ்ஜியோடா நிற்கும்? ஜிலேபி, மெதுவடை, பாதாம் பால் என்று இறக்கினேன். புதுச் சட்டை வேறு.

எழுந்து நின்றதுமே, ஜிலேபியைப் பார்த்த மண்டபம் கைதட்டியது. தலைவர் சால்வை போர்த்தினார். "பாலம் வேல கெடச்சத சொல்லவே இல்லியே நீங்க," என்றார். மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்கும் கிடைத்துவிட்டது போலவே இருந்தது. கோல் பிடித்த காலத்திலிருந்து நன்றியுரையை ஆரம்பித்துவிட்டேன்.

கடைசி வரிசையிலிருந்து மகள் எழுந்தாள். "அப்பா, இன்னும் கெடைக்கலன்னு சொல்லுப்பா."

மண் பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவர் என் பழைய போட்டிக்காரர். பாதி ஜிலேபியோடு நிமிர்ந்தார். "அப்ப இது கஷ்டத்துக்கு வாங்குனதா?"

"ஆமா."

"யோவ், கஷ்டத்துக்கே பாதாம் பாலா? கெடச்சா இன்னா வாங்குவ, ஆனையா?"

நாற்காலிகள் நகர்கிற அளவுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில மண்ணெடுக்க என் வண்டி மலைக்கு ஏறும். நீ முன்னாடி குந்திக்க. பேசாம மட்டும் வா."

"வரைபடத்த நான் பாக்கறேம்மா," என்றார் என் மகளிடம், எங்களில் மூத்த பொறியாளரான தலைவர்.

மறுநாள் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பேசிக்கொண்டேதான் போனேன். ஓடைக்கரையில் துளை போட்டார்கள். கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டியது; பாலத்தின் அஸ்திவாரத்துக்கு வேறென்ன வேண்டும்? போட்டிக்காரர் என் தோளில் குத்தினார். நான் வேட்டியை மடித்துக்கட்டித் தண்ணீரில் இறங்கி ஒரு ஆட்டம் போட்டேன்.

பாலம் எங்களுக்கே வந்தது. ஒப்புதலான வரைபடத்தின் மூலையில், வடிவமைத்தவர் என்ற இடத்தில் மகளின் கையெழுத்து இருந்தது.

"கொஞ்சம் பெருசா போடக்கூடாதா?" என்றேன்.

"கட்டம் அவ்ளோதாம்பா," என்றாள்.