அகலமாகச் செய்த வாசக்கால்

என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு கால்களிலும் வலு இல்லை. அவளுடைய சக்கர நாற்காலி நுழையும் அகலத்துக்கு வாசக்கால் செய்யச் சொன்னபோது தச்சர் சிரித்தார்.

“இன்னாம்மா, வூட்டுக்குள்ள லாரியா வுடப்போறீங்க?”

“ஆமா அண்ணா, லைசென்ஸ் கூட வாங்கிட்டேன்” என்றாள் மகள்.

அப்போது ஒரகடத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. கீழ் அறைகளையெல்லாம் வீட்டுக்காரர்கள் வேலைக்கு வந்த பையன்களுக்கே கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மாடிதான். கீழே தங்கியிருந்த திருநெல்வேலிப் பையன்கள் இருவர், கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக அவளைத் தினமும் நாற்காலியோடு இறக்கிவிடுவார்கள்.

“ஏலே, மெதுவா புடி. லைன்ல வார டப்பான்னு நெனச்சியா?” என்று ஒருவன் மற்றவனை அதட்டுவான். அவளும் சிரிப்பாள். மேலே வந்ததும் என்னிடம் மட்டும் சொல்வாள்: “யாரும் தூக்காம, நானா ஒரு நாள் வெளிய போவணும்மா.”

அதற்காகத்தான் வல்லக்கோட்டை பக்கம் இருந்த எங்கள் மனையில், படியே இல்லாமல் சரிவாக வாசல் வைத்து வீடு கட்ட நினைத்தோம். ஆனால் பதிவேட்டில் அது நஞ்சை. குடியிருப்பு நிலமாக மாற்றி, பிறகு கட்ட அனுமதி வாங்க வேண்டும். எந்த வயல் தொழிற்பேட்டைக்குப் போகும், எது ஊருக்கு மிஞ்சும் என்ற வரைபடம் முடிவாகாமல் கையெழுத்துப் போட யாரும் துணியவில்லை. நானும் கணவரும் மாற்றி மாற்றி விடுப்பெடுத்துத் தாலுகா அலுவலகத்தில் போய் நின்றோம்.

“ஃபைல் மேல போயிருக்குதும்மா.”

“மேலன்னா எங்க சார்?”

“மேலதான்.”

ஆவணி முடியப்போனது. புரட்டாசியில் வாசக்கால் வைக்கமாட்டார்கள். “நட்டுடுங்கம்மா, பிளான் வந்துக்கினே கீது” என்று ஊராட்சி எழுத்தரே சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அடித்தளம் மட்டும் போட்டு, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பால் தெளித்து வாசக்காலை நிறுத்தினோம்.

அடுத்த மாதம் இடம் பார்க்க வந்த அதிகாரி, அனுமதிக்கு முன்பே கட்டுமானம் தொடங்கிவிட்டதாக எழுதிக்கொண்டு போனார். விண்ணப்பம் திரும்பி வந்தது. எல்லாம் முதலிலிருந்து. வாசக்காலை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்குத் தச்சர் பதறினார். “பூஜை போட்டதைப் புடுங்கக் கூடாதும்மா.” சுவரில்லாமல் அது இரண்டு மழைக்காலம் வயலில் தனியாக நின்றது. ஆடுகள் அதற்குள் புகுந்து போய்வந்தன.

ஒரு காலை, கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போல் தாலுகா அலுவலகத்தில் காத்திருந்தேன். ஓவர்டைம் பார்த்த பையன்கள் இன்னும் திரும்பவில்லை. வகுப்பில் அன்று தேர்வு. அவள் தரையில் தவழ்ந்து வந்து, உட்கார்ந்தபடியே படி படியாக இறங்கியிருக்கிறாள். பாதியில் விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் பையன்களில் ஒருவன் அழுதான். “நாங்க வந்திருப்போம்லா தங்கச்சி. செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“எல்லாரும் பொறு பொறுன்னுதானே சொல்றீங்க” என்றாள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நாற்காலி மூலைக்குப் போனது. அனுமதி அதற்குப் பிறகு வந்தது. மழையில் ஊறி உப்பியிருந்த அதே வாசக்காலைச் சுற்றிச் சுவர் எழுந்தது.

புதுமனை புகுந்த அன்று முதலில் பசுவை உள்ளே கொண்டுபோனார்கள். அடுத்து அவள், கட்டிலோடு. அந்த இரண்டு பையன்களும் எங்கள் உறவினர்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். கட்டில் எங்கும் இடிக்காமல் நுழைந்தது. படுத்தபடியே கையை நீட்டி மரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“லாரியே போவும்மா” என்றாள்.

பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோல் நான் அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.