பாக்கெட் இல்லாத வீராங்கனைகள்

என் அண்ணிக்குத் தெருவில் டேப்பக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்தது கிடையாது. அண்ணனிடம் கேட்டால், "எங்க கல்யாணப் போட்டோவ எடுத்துப் பாரு, மாலைக்குக் கீழ அதுவும் இருக்கும்" என்பான்.

ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது என் காதில், "அந்தம்மா நாப்பது, போட்டிருக்கறது முப்பத்தெட்டு, மூச்சு விட முடியாம நிக்குது பாவம்" என்று முணுமுணுப்பாள். நான் சத்தமாகச் சிரித்துத் தொலைப்பேன். என் சத்தம் அப்படி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு மெதுவாகப் பேச எங்கே தெரியும்?

போன வருஷக் கடைசியில் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த மார்பையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாளே, அதற்கு எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடுவேன். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஒரு சாம்பல் கலர் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். மார்பு இருந்த இடத்தில் உள்ளே வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தை போன்ற ஒன்று, பிரிக்காத கவரோடு மேஜை இழுப்பறையில் கிடந்தது. கடை பூட்டியபடியே ஐந்து மாசம் போனது.

"அளவு எடுக்கணும்னா கிட்டப் போய் நிக்கணும். நிக்கிறவங்க கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியும்டி" என்றாள்.  

கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் நல்ல மனுஷர்தான். அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்? "மாசக் கடைசிக்குள்ள தொறந்துட்டா சந்தோஷம். இல்லன்னா முடிவெட்டுற தம்பி கேட்டுக்கிட்டே இருக்கார், அவருக்குக் குடுத்துருவேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடை போனால் என் அண்ணி அந்தச் சால்வைக்குள்ளேயே கிடந்து முடிந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் வேன் எடுக்கும்வரை அவளோடு போய் உட்காருவது என் வழக்கம். ஒருநாள் என் மகள் லைப்ரரியிலிருந்து எடுத்த புத்தகப் பையை வேனிலேயே விட்டுவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், படிப்பதெல்லாம் சூப்பர்ஹீரோ காமிக்ஸ். திட்டிக்கொண்டே பையை அண்ணி வீட்டுக்குள் தூக்கிப் போனேன். அண்ணி சும்மா ஒன்றை எடுத்துப் புரட்டினாள். நான் டீ போட்டு எடுத்து வருவதற்குள் கண்ணாடியைத் தேடி மாட்டியிருந்தாள்.

"ஏய், இங்க வா. இவ இந்த டிரெஸ்ஸுக்குள்ள எப்படிப் போனா?"

பார்த்தேன். கருநீல உடுப்பில் ஒருத்தி கட்டடத்து உச்சியில் நின்றாள்.

"ஜிப் இல்ல, பட்டன் இல்ல, ஒரு தையல்கூட எங்கயும் இல்ல. பெயிண்ட் அடிச்சுவிட்டாங்களா? அவசரத்துக்கு பாத்ரூம் போகணும்னா என்னடி செய்வா?"

ஐந்து மாசத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு. டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கு மூன்று புத்தகம் முடித்தாள். கதை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, உலகம் அழிந்தால் அழியட்டும். உடுப்பை மட்டும் பார்த்தாள். ஒவ்வொருத்திக்கும் பெயர் வைத்தாள். பனிமலையில் தொடை தெரிய நின்றவள் 'குளிர் அடிக்காதவள்'. கணுக்கால்வரை மேலங்கி தொங்கவிட்டுப் பறந்தவள் 'ஃபேனில் மாட்டப்போறவள்'. ஊசி மாதிரி குதிகாலோடு கூரைமேல் ஓடியவளைப் பார்த்து, "உன் இடுப்புக்கு நான் கேரண்டி தர மாட்டேன் தாயி" என்றாள்.

சாயங்காலம் பை தேடி வந்த மகள் வாசலிலேயே நின்று இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து லைப்ரரியில் அத்தைக்கென்றே எடுத்து வந்தாள். அத்தையும் மருமகளும் ஒரு கட்சி, நான் டீ போடுகிறவள்.

"இப்பல்லாம் மாறிட்டு வருது அத்தை. இதப் பாருங்க, புதுசு" என்று ஒன்றை நீட்டினாள். அதிலிருந்தவள் தட்டையான பூட்ஸ் போட்டிருந்தாள், முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள், தோள் அகலம், வயிற்றில் கொஞ்சம் சதைகூட இருந்தது.

அண்ணி அதை நெடுநேரம் பார்த்தாள். "இவ வேலைக்கு வந்தவ. தலையக் கட்டிருக்கா பாரு. இவளுக்கு நானே தச்சுக் குடுப்பேன்." பிறகு உதட்டைப் பிதுக்கினாள். "இவளுக்கும் பாக்கெட் வைக்கலயே! ஊரையே காப்பாத்திட்டு வீட்டுக்கு வருவா, சாவிய எங்கேருந்து எடுப்பா? ஆம்பளைங்களுக்கு இடுப்ப சுத்திப் பெல்ட்டு, அதுல எட்டுப் பை."

இன்னொன்றையும் அவள்தான் கண்டுபிடித்தாள். ஆண் வீரர்களில் ஒருவனுக்குக் கண் இல்லை, ஒருவனுக்கு இரும்புக் கை, ஒருவனுக்கு முகமெல்லாம் தழும்பு. அதுவே அவர்களுக்குக் கம்பீரம். பெண்களோ எத்தனை குண்டு வெடித்தாலும் மூக்கில் ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தார்கள்.

"அவ்வளவு சண்டை போட்டும் ஒருத்திக்குக்கூட ஒண்ணும் போகல" என்றாள் அண்ணி. கை தானாகச் சால்வையை இழுத்துவிட்டது. "எல்லாரையும் ஒரே அளவு அட்டைய வச்சுத் துணி மாதிரி மடிச்சு வெட்டிருக்கான்டி. ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணு."

மகள் புத்தகத்தை மூடி, அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள். 

ஆனாலும் அந்தப் புத்தகங்கள் ஏதோ செய்தன. மாசம் முடிய நாலு நாள் இருக்கையில், பீரோவிலிருந்து வெளிர் பச்சைத் துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு சட்டை தச்சுக்கலாம்னு பாக்கறேன். அதப் போட்டுக்கிட்டுப் போய்க் கடையத் தொறப்போம்" என்றாள். நான் அன்றைக்கு வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கும்.

மறுநாள் காலை போனால் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. மெஷினுக்குக் கீழே அந்தப் பச்சைச் சட்டை சுருண்டு கிடந்தது. அண்ணி சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக் கட்டிலில் இருந்தாள்.

"பழகின கை, என்னக் கேக்கவே இல்லடி. மடிச்சு வெட்டிருச்சு."

சட்டையின் முன்பக்கத்தைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் வெட்டுவார்கள். ஒரு வெட்டில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும். இருபத்திரண்டு வருஷமாக அவள் கை அப்படித்தான் வெட்டியது, அன்றும் அப்படியே வெட்டிவிட்டது. தைத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் காலிப் பையாகத் தொங்கியிருக்கிறது.

"கடைய அந்தத் தம்பிக்கே குடுத்துறச் சொல்லு" என்றாள், சுவரைப் பார்த்து.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "நான் எதுக்குச் சொல்லணும்? எந்திரிச்சுப் போய் நீங்களே சொல்லுங்க!" என்று கத்தினேன். தலைமாட்டில் கிடந்த காமிக்ஸை எடுத்து அவள் மடியில் எறிந்தேன். "இவளுங்க பேப்பரு, மடிச்சு வெட்டலாம். நீங்க என்ன பேப்பரா? ஊர்ல ஒருத்திக்குத் தோளு சரிஞ்சிருந்தாலும் அதுக்கு ஏத்தாப்புலதான தச்சுக் குடுப்பீங்க? உங்களுக்குன்னா மட்டும் பழைய அளவா?"

கத்திவிட்டேனே தவிர, உடனே அழுகை முட்டியது. அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஐந்து மாசமாக அடக்கியது, எல்லாம் சேர்ந்து வந்தது. தரையில் உட்கார்ந்து ஒப்பாரியாக அழுதேன். இப்படி இருக்கிறது நான் ஆறுதல் சொல்லும் லட்சணம்.

கட்டில் கிரீச்சிட்டது. நிமிர்ந்தால் அண்ணி அந்தச் சட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஸ்டமருக்கு அளவு மாறினா நோட்டத் திருத்துவோம். கஸ்டமரையா திருத்துவோம்?" என்றாள், பாதி தனக்கே. பிறகு என்னைப் பார்த்து, "மூக்கச் சிந்திட்டு அந்த டேப்ப எடு."

"நானா?"

"பின்ன, கண்ணாடியா வந்து அளவெடுக்கும்?"

சால்வையையும் உள்ளே போட்டிருந்த சட்டையையும் கழற்றி நாற்காலியில் போட்டாள். நான் முதன்முதலாகப் பார்த்தேன். நீளமாக ஒரு தழும்பு, ஓரத்தில் இன்னும் சிவப்பு மாறவில்லை. என் கண் அங்கேதான் போனது, அவள் சொன்னபடியே. அவள் அதைப் பார்த்தாள். 

"தலைகீழாப் பிடிச்சிருக்க. அப்படிப் பிடிச்சா என் ஒரு பக்கமே அம்பது இஞ்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வலதைத் தனியாக அளந்தேன், பத்தரை. இடதைத் தனியாக அளந்தேன், எட்டேகால். அவள் மூச்சைப் பிடிக்காமல் நேராக நின்றாள். அளவு நோட்டில் ஊரில் உள்ள எல்லாருக்கும் பக்கம் உண்டு, அவளுக்குத்தான் கிடையாது, தன் அளவு மனப்பாடம் என்பதால். அன்று புதுப் பக்கம் எடுத்தாள். வலது, இடது என்று இரண்டாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டாள். மீதியிருந்த பச்சைத் துணியை மடிக்காமல் மேஜைமேல் விரித்தாள்.

"நீ கிளம்பு. பக்கத்துல நின்னா சாக்பீஸ் கோணும்."

மாசக் கடைசி நாள் காலை. வேன் நிறையப் பிள்ளைகளோடு கடைத் தெருவில் திரும்பினேன். கடை வாசலில் கட்டடக்காரர் நின்றார். பக்கத்தில் முடிவெட்டுகிறவர் ஷட்டரின் அகலத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தார்.  பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

அண்ணி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தாள். சால்வை இல்லை. கழுத்தில் டேப். பச்சைச் சட்டை தைத்தவள் பெயரைச் சொல்லும்படி உட்கார்ந்திருந்தது, வலது பக்கம் ஒரு மாதிரியும் இடது பக்கம் ஒரு மாதிரியும். இடது பக்கத்தில், அந்தத் தட்டையான இடத்தில், நல்ல ஆழமாக ஒரு பாக்கெட். கையை உள்ளே விட்டுக் கடைச் சாவியை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி, ஷட்டர் தூக்கணும்" என்றாள். அவர் தள்ளி நின்றார். இரண்டு பேர் கண்ணும் ஒரு நிமிஷம் அங்கே போகத்தான் போனது. அவள் பாட்டுக்குப் பூட்டைத் திறந்தாள்.

திரும்பும்போதுதான் என்னைப் பார்த்தாள். பாக்கெட்டைத் தட்டிக் காட்டினாள்.

"எடம் சும்மாத்தானடி கிடந்துச்சு!"

"ஆன்ட்டி, ஸ்கூலுக்கு லேட்டாகுது!" என்று பின்னால் பிள்ளைகள் கத்தின. எனக்குக் கண் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. ஹார்னில் வைத்த கையை ஷட்டர் முழுக்க மேலே போகிறவரை நான் எடுக்கவே இல்லை.