காணிக்கைப் பை பிடித்தவர்

இராஜபாளையத்தில் எங்கள் சபைக்கு ஒரு கோயில்குட்டி இருந்தார். மணி அடிப்பதும் கோயிலைப் பெருக்குவதும் ஆராதனையில் காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டுவதும் அவர் வேலை. ஒல்லியான ஆள், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். பையை நீட்டியதும் முகத்தைத் தூக்கி மின்விசிறியைப் பார்ப்பார். யார் கை என்ன போடுகிறது என்று குனிந்து பார்த்ததே இல்லை.

புதிய செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னார்: "தசமபாகம் குறையுது. பையில வெறுங்கையை விடுறது யாருன்னு பாத்துச் சொல்லும். இல்லன்னா சாவியை வச்சிட்டுப் போம்."

"பை பிடிக்கத்தான் வச்சீக ஐயா, வேவு பாக்க இல்ல" என்று சொல்லிக் கோயில்குட்டி சாவியைப் பீடத்துப் படியில் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் போகும் பேண்டேஜ் கம்பெனியில் இரண்டு மாதமாக வேலை கிடையாது. எழுந்தேன். "நான்தான் வெறுங்கையை விட்டேன். பத்துல ஒண்ணு கேக்கீகளே, பத்தே இல்லாதவ எதைக் கொடுக்க? எழுதிக்கோங்க!"

வாசலில் கோயில்குட்டியிடம், "சாவியை எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"பாக்காட்டியும் பை பிடிச்ச கைக்கு உங்க வெறுங்கை தெரியாதாக்கா? ஊருக்குத் தெரிய வேண்டாம்னுதான வேலையை விட்டேன். நீங்களே சொல்லிட்டீகளே."

சாவியை அவர் எடுக்கவே இல்லை. சொன்னதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை. அவருக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்பதுதான் பிடிபடவில்லை.