வேலாயி அத்தையின் முக்காடு

வேலாயி அத்தை சும்மா பேசும்போது தலையில் சேலை இருக்காது. கர்த்தரின் வார்த்தை என்றால் மட்டும் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வார். பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். நாவலப்பிட்டியில் தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபவீட்டில் அவர்தான் தீர்க்கதரிசி. தேயிலைக் கொழுந்து பறித்தே வயதானவர், எழுத்து தெரியாது. வசனத்தை என் அக்கா சுகிர்தா வாசிப்பாள், அத்தை விளக்குவார்.

எட்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஜெபவீட்டு வாசலில் வைத்து அத்தையிடம் கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. அத்தை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, "வேணாம் புள்ள, அது ஒனக்கு சரிவராது," என்றார். முக்காட்டோடு சொன்னதால் அக்கா அதைக் கர்த்தரின் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டாள். போகவில்லை. இன்று ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்தேன். ஆதித் திருச்சபையில் பிலிப்புவின் நான்கு மகள்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தீர்க்கதரிசனம் உண்மைதானா என்று மற்றவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அக்காலத்து முறை. அக்காவின் விஷயத்தில் யாரும் நிதானிக்கவில்லை. எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது: அன்று அத்தையின் கையில் குடை இருந்தது; தூறலுக்கென்றால் அதை விரித்திருக்கலாம்.

போன மாசியில் கேட்டேவிட்டேன்.

"கொடைய விரிக்காம ஏன் அத்தை முக்காடு போட்டீங்க?"

"பட்டம் வாங்குனவளுக்கு பொலிஸ் வேலையும் குடுப்பாங்க போல."

"அது ஆண்டவர் சொன்னதா, நீங்க சொன்னதா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றது. "அவ போயிட்டா எனக்கு வசனம் வாசிக்க யாரு இருந்தா?" என்றார். பிறகு, "அன்னைக்கு நீயும் ஒண்ணும் கேக்கலயே."

கேட்கவில்லைதான். அக்கா போயிருந்தால் படுக்கையில் கிடந்த அப்பாவை நான் பார்த்திருக்க வேண்டும்; பேராதனை எனக்குக் கிடைத்திருக்காது. அத்தையைச் சந்தேகிப்பதில் எனக்கு ஏன் இத்தனை ஆர்வம்?

"ஞாயித்துக்கெழம சபைக்கு முன்னால அவகிட்ட சொல்லிர்றேன். அதுவரைக்கும் வாய தொறக்காத," என்றார்.

வெள்ளிக்கிழமை நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அடக்க ஆராதனையில் அக்காதான் வசனம் வாசித்தாள். திரும்பி வரும்போது, "ஆண்டவர் எதுக்கு என்னய நிப்பாட்டுனாருன்னு இன்னும் வெளங்கல தங்கச்சி," என்றாள்.

அந்தப் பதிலை அத்தை அவளுக்குக் கொடுக்காமலே போனார். என்னிடம் இருக்கிறது. நானும் இன்னும் கொடுக்கவில்லை.