நாற்பது கையெழுத்து, ஒரே புகார்

நகராண்மைக் கழகப் புகார் கவுண்டரில் இருந்தவரின் உள்ளங்கை முழுக்க நீலக் கோடுகள். பேனா எழுதுகிறதா என்று கையில் கிறுக்கிப் பார்த்த பிறகே யாருக்கும் கொடுப்பார்.

பண்டமாரானில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் லொங்காங் எனப்படும் கால்வாய் இடிந்துபோய், மழை பெய்தால் அடுப்படிவரை தண்ணீர் வந்தது. நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு ஒரு மனுவைப் பெருமையாக நீட்டினேன்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல இது ஒரே புகார்தான். பட்ஜெட் இருக்கு. எந்த லொங்காங்குக்குப் புகார் ஜாஸ்தியோ, அதுக்குத்தான் முதல்ல போகும். பக்கத்துத் தாமான் குடியிருப்புல வீட்டுக்கு ஒண்ணு போட்டாங்க."

"அப்போ நாங்க ஒத்துமையா வந்தது தப்பா பாஸ்?"

"ஒத்துமை வேணும்லா. அதை ஆளுக்கு ஒண்ணு எழுதறதுல காட்டுங்க."

நாற்பது படிவங்களோடு, கையில் கிறுக்கிப் பார்த்த ஒரு பேனாவையும் தந்தார்.

கால்வாய் கட்டி முடிந்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். எங்கே மாற்றினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போது தெருவிளக்குக்காக வீடு வீடாகப் படிவம் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் அந்தப் பேனாவை நீட்டுமுன், என் உள்ளங்கையில் ஒரு நீலக் கோடு போட்டுப் பார்த்தேன்.