ரோந்துப் படகில் அரை எலுமிச்சை

விசாலாக்ஷிக்குப் படகுப் பைத்தியம் பிடித்தபோது வயது ஐம்பத்தாறு. அமெரிக்காவில் அவள் இருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்த வயதுக்காரர்கள் தோட்டத்தில் வெண்டைக்காய் போடுவார்கள், வாக்கிங் போவார்கள். இவள் என்னடாவென்றால், மருந்து கம்பெனி வேலை முடிந்த கையோடு விரிகுடாக் கரைக்குப் போய் ஒரு கிழட்டு மர மோட்டார் படகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

படகு லேசுப்பட்டதல்ல. ஏதோ ஒரு பணக்காரர் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்க வைத்திருந்த ‘மார்கரெட்’. முதல் உலகப்போரில் கடற்படைக்குப் படகு போதவில்லை. சொந்தப் படகுகளைக்கூட விடாமல் வாங்கி, சாம்பல் வர்ணம் பூசி, முன்னால் ஒரு துப்பாக்கியைப் பொருத்தி, நீர்மூழ்கி வருகிறதா பார் என்று ரோந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பாவம், மார்கரெட் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை!

கோடையில் அந்தப் பழைய ரோந்துப் படகுகளுக்கு ஓர் அணிவகுப்பு உண்டு. சொந்த இன்ஜினில் ஓடிக் கொடிமேடையைத் தாண்ட வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் சேர்த்தியில்லை. அதற்காகத்தான் விசாலாக்ஷி நான்கு வருஷம் நாயாய் உழைத்தாள்.

கணவர் ராமசுப்ரமணியனுக்கு நீச்சல் தெரியாது. “ஏன் விசாலம், நமக்குக் கார் போறாதா?” என்று முனகிக்கொண்டே இருந்தவர், அன்று காலை என்ன தோன்றியதோ, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புளியோதரை டப்பாவும் கையுமாய் ஏறிவிட்டார்.

கொடிமேடை கண்ணுக்குத் தெரிந்த நேரம், விசாலாக்ஷியின் பாதம் நனைந்தது. மரப்படகு கசியத்தான் செய்யும். பம்ப் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். இப்போது பம்ப் உறுமுகிறதே தவிர, சொட்டுத் தண்ணீர் போகவில்லை. பழுதாகும் படகுகளை இழுக்கக் காத்திருந்த இழுவைப் படகுக்காரன் அதற்குள் கயிறும் கையுமாய் நெருங்கிவிட்டான்.

“நோ! நோ!” என்று கத்தினாள் விசாலாக்ஷி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ராமசுப்ரமணியனுக்கு முகம் வெளிறிவிட்டது. “விசாலம், நேத்து நான் இதுக்கு ஒரு பூஜை பண்ணேன்.”

“என்ன பூஜை?”

“புதுக் காருக்குப் பண்றாப்பலதான். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்போமே. இதுக்கு டயர் ஏது? ரெண்டா நறுக்கி, குங்குமம் தடவி, ஒரு பாதிய இந்தப் பலகைக்குக் கீழ வெச்சேன்.”

“ஏன்னா! யுத்தத்துலயே ஒண்ணும் ஆகாத படகுன்னா இது!”

“நீ தனியாப் போறியேன்னு பயமா இருந்தது, விசாலம்.”

அவரைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது அவளுக்கு. சுக்கானை விட முடியாதே! “எடுங்கோ மொதல்ல!”

மனிதர் பலகையைப் பெயர்த்து, குப்புறப் படுத்து, எண்ணெய்த் தண்ணீரில் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். பம்ப்பின் வாயைக் கச்சிதமாய் மூடிக்கொண்டிருந்தது அரை மூடி. பிடுங்கியதுதான் தாமதம், தண்ணீர் குபுகுபுவென்று வெளியே பாய்ந்தது. இழுவைப் படகு ஒதுங்கிக்கொண்டது.

மார்கரெட் மேடையைத் தாண்டியபோது ஒலிபெருக்கி, விசாலாக்ஷி முன்பே சொல்லியிருந்தபடி ஆங்கிலத்தில் அறிவித்தது: “படகில் ஒரே ஆள், விசாலாக்ஷி!”

கன்னமெல்லாம் எண்ணெய்க் கறையோடு கீழே கிடந்தவரைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அவர்மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது.

“டூ!” என்று மேடையைப் பார்த்துக் கத்தினாள். “டூ பீப்பிள்! எழுந்து நில்லுங்கோன்னா!”

ராமசுப்ரமணியன் தட்டுத்தடுமாறி எழுந்து, எலுமிச்சை மூடி இருந்த கையாலேயே விறைப்பாய் ஒரு சல்யூட் அடித்தார்.