பழைய பேப்பர் கடைத் தராசில் சிங்கப்பூர் பெட்டி

நாளை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம், ஒரு வாரத்துக்கு. பெட்டி இருபத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டில் தராசு இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் தூக்கி வைத்தார். "இருபத்தெட்டும்மா. அப்படி என்னத்த வச்சிருக்கீங்க?"

திறந்தேன். ஏழு கிலோ கஞ்சி மாவு.

"பாப்பா வேற எதுவும் சாப்பிட மாட்டாண்ணே."

"அதுக்காக ஏழு கிலோவா? சிங்கப்பூர்ல புள்ளைங்கல்லாம் பட்டினியாவா கிடக்குது?"

நான் பதில் யோசிப்பதற்குள், இடுப்பிலிருந்த மகள் அவர் டீக்கு வைத்திருந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"மாட்டாளா?" என்றார்.

சிரித்துக்கொண்டே மூன்று கிலோவை எடுத்துவிட்டேன். சரியாக இருபத்தைந்து.

வீட்டுக்கு வந்ததும், எடுத்த மாவில் ஒரு கிலோ கைப்பைக்குள் போய்விட்டது. கைப்பையையும் எடை போடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.